பழைய கணினியில் பழைய இதழ்கள்: சுமாத்ரா பி.டி.எப் பாவித்த அனுபவம்

சுமாத்ரா என்ற வாசிப்பு மென்பொருளின் பெயரை மருமகன் முதன்முதலில் சொன்னபோது, "தம்பி, வேறு ஏதாவது போட்டுத் தா" என்றேன். திருகோணமலையில் கடலோரத்தில் வாழ்ந்தவர்களுக்கு அந்தச் சொல் 2004 டிசம்பர் 26ஆம் திகதியோடு ஒட்டிக்கொண்ட சொல். அந்தத் தீவுக்கு அருகே கடலடி நிலம் அதிர்ந்த அன்று காலையிலேயே எங்கள் தாய்வீட்டுக்குள் கடல் வந்தது. ஆட்களுக்கு ஒன்றும் நேரவில்லை. ஆனால் அப்பா நாற்பது ஆண்டுகளாகக் கட்டுக்கட்டாகச் சேர்த்து வைத்திருந்த இதழ்கள், பாடசாலை மலர்கள், கும்பாபிஷேக மலர்கள் எல்லாம் நனைந்துவிட்டன. ஒரு கிழமை வெயிலில் காய வைத்தோம். தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பலகைபோல் இறுகிப்போயின. பிரிக்கப் போனால் எழுத்து மறுபக்கத்தோடு உரிந்து வந்தது.

அந்த இதழ்களில் பலவற்றை இன்று நான் திரும்ப வாசிக்கிறேன். 2005இலிருந்து இலங்கைத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் மின்பிரதிகளாக்கி இலவசமாகத் தந்துவரும் நூலகம் நிறுவனத்தின் தளத்தில் அவை இருக்கின்றன. பெரும்பாலும் பி.டி.எப் கோப்புகள், அதாவது அச்சுத் தாள் இருந்தபடியே திரையில் தெரியும் கோப்புகள். அவற்றை எங்கள் வீட்டுக் கணினியில் திறந்து, களைப்பில்லாமல் வாசிப்பதற்கு எது நல்லது என்று ஓராண்டுக்கு மேல் தேடித்தான் இந்தச் சின்ன மென்பொருளுக்கு வந்து சேர்ந்தேன். பாடசாலை நூலகராக இருபத்தாறு ஆண்டுகள் வேலை செய்து ஓய்வு பெற்றவள் என்பதால், வாசகர் கையில் நூல் எப்படிப் போய்ச் சேர வேண்டும் என்பதில் எனக்குப் பிடிவாதம் உண்டு.

எங்கள் கணினி புதியது இல்லை. நகரில் ஒரு கடையில் இரண்டாம் கையாக வாங்கியது. 4 ஜி.பி. நினைவகம், சுழலும் வகை வன்தட்டு, விண்டோஸ் 10. விண்டோஸ் 10க்கு மைக்ரோசொப்ட் வழங்கிவந்த வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு முடிந்தது. புதிய கணினி வாங்குங்கள் என்று பலரும் சொன்னார்கள். ஓய்வூதியத்தில் அதற்கு இப்போது வழியில்லை. ஆகவே இந்த இயந்திரத்துக்குச் சுமையாக இல்லாத மென்பொருள்தான் எனக்கு வேண்டும்.

முன்பு அதில் இருந்தது பெயர் பெற்ற, பெரிய வாசிப்பு மென்பொருள் ஒன்று. 70 எம்.பி. அளவுள்ள ஒரு மலரைத் திறக்கக் கொடுத்தால் முதல் பக்கம் வரும், இரண்டாவது பக்கத்துக்கு வெள்ளைத் தாள் வரும், பிறகு எழுத்து மெல்ல மெல்லத் தெளியும். இடையில் வலப்பக்கத்தில் ஒரு பட்டை விரிந்து, கட்டணம் செலுத்தினால் கிடைக்கும் வசதிகளை வரிசையாகக் காட்டும். அதை மூடினால் அடுத்த நாள் மீண்டும் விரியும். கண்புரைச் சத்திரசிகிச்சை செய்த கண்ணுக்குத் திரையின் ஒவ்வோர் அங்குலமும் பெறுமதியானது. வாசிக்க உட்கார்ந்தவரின் பக்கத்தை அப்படி நெருக்குவது எனக்குக் கோபத்தையே தந்தது.

அதைவிட்டு வெளியேற நான் எடுத்த முதல் முயற்சி பிழையாகிப்போனது. இலவச பி.டி.எப் வாசிப்பு மென்பொருள் என்று தேடினேன். மேலே வந்த முடிவைத் திறந்தேன். பச்சை நிறத்தில் பெரிய பொத்தான். அது விளம்பரம் என்பது எனக்குத் தெரியவில்லை. நிறுவி முடிந்தபோது வாசிப்பு மென்பொருளோடு இன்னும் இரண்டு தெரியாத பொருள்கள் கணினிக்குள் வந்திருந்தன. இணைய உலாவியின் முகப்பே மாறியிருந்தது. மருமகன் பாலையூற்றிலிருந்து சைக்கிளில் வந்து ஒரு பின்னேரம் முழுவதும் இருந்து துப்புரவாக்கினான்.

"மாமி, எதை இறக்கினாலும் அதைச் செய்தவர்களின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள்" என்றான். அதற்குப் பிறகுதான் சுமாத்ராவின் பெயரைச் சொன்னான். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "பெயரை விடுங்கள். ஒரு கிழமை பாவித்துப் பாருங்கள், பிடிக்காவிட்டால் அழித்துவிடுகிறேன்" என்றான். அழிக்கவேண்டிய தேவை வரவில்லை.

இதில் இரண்டு வடிவங்கள் கிடைக்கின்றன. ஒன்று, வழமைபோல் நிறுவுவது. மற்றது, நிறுவாமலே பாவிப்பது: ஒரே ஒரு கோப்பு, பென்டிரைவில் போட்டு எந்த விண்டோஸ் கணினியிலும் திறந்து வாசிக்கலாம். எதை எடுத்தாலும் அளவு மிகச் சிறியது; கைத்தொலைபேசி டேட்டாவில் இறக்கினாலும் பயப்படத் தேவையில்லை. விளம்பரம் இல்லை, பதிவு செய்யச் சொல்லவில்லை, மின்னஞ்சல் முகவரி கேட்கவில்லை. கிரிஷ்டோஃப் கொவால்சிக் என்ற மென்பொருளாளர் 2006இல் இதை வெளியிடத் தொடங்கினார். மூலநிரல், அதாவது மென்பொருளை ஆக்கிய கட்டளைகள், எல்லோருக்கும் திறந்திருக்கிறது.

அதே 70 எம்.பி. மலரைக் கொடுத்தேன். இரட்டைச் சொடுக்கு, பக்கம் வந்துவிட்டது. நான் நேரம் குறித்துப் பார்க்கவில்லை. காத்திருக்கிறேன் என்ற உணர்வு வருவதற்குள் வந்துவிட்டது, அவ்வளவுதான் சொல்லத் தெரியும். பக்கத்துக்குப் பக்கம் போகும்போதும் அப்படியே.

ஆனால் வேகத்தைவிட என்னைக் கட்டிப்போட்டது வேறொன்று. இரவு பத்து மணிக்கு ஒரு கட்டுரையின் நடுவில் மூடிவிட்டு எழும்புகிறேன். மறுநாள் அதே கோப்பைத் திறந்தால் நான் விட்ட பக்கத்தில், விட்ட வரியில், விட்ட பெருப்பத்தில் நிற்கிறது. கோப்பு எதையும் திறக்காமல் மென்பொருளை மட்டும் திறந்தால், அடிக்கடி வாசித்த நூல்களின் அட்டைகள் சின்னச் சின்னப் படங்களாக வரிசையில் வருகின்றன. நூலகத்தில் வேலை செய்தபோது, வாசகர் ஒருவர் திரும்பி வரும்வரை அவருடைய நூலை மேசையின் ஓரத்தில் துண்டு வைத்து ஒதுக்கி வைப்பேன். இந்த மென்பொருளைச் செய்தவர் அந்தத் துண்டின் பெறுமதி தெரிந்தவர். (பலர் பாவிக்கும் கணினியென்றால், நீங்கள் என்ன வாசித்தீர்கள் என்று மற்றவர்கள் பார்ப்பது பிடிக்காவிட்டால், இந்த நினைவை நிறுத்தியும் வைக்கலாம்.)

எனக்குத் தினமும் உதவும் சில விசைகளைச் சொல்கிறேன். கன்ட்ரோல் விசையோடு 2ஐ அழுத்தினால் பக்கம் திரையின் அகலத்துக்கு விரியும். முதிய கண்களுக்கு இதுவே முதல் மருந்து. கன்ட்ரோலோடு 0 முழுப் பக்கத்தையும் காட்டும். கன்ட்ரோலோடு 8ஐ அழுத்தினால் அட்டை தனியாகவும், உள்ளே இரண்டு இரண்டு பக்கங்களாகவும் விரித்த நூல்போல வரும். மலர்களில் நடுப்பக்கப் படங்கள் இரண்டு பக்கத்துக்கும் பரந்திருக்கும்; அவற்றை இப்படித்தான் பார்க்க வேண்டும். மின்பிரதி எடுத்தபோது தாள் பக்கவாட்டில் படுத்துப் போயிருந்தால் கன்ட்ரோலையும் ஷிப்டையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு கூட்டல் குறியை அழுத்தினால் பக்கம் கால் வட்டம் சுழலும். எஃப் 11 திரை முழுவதையும் நூலுக்கே கொடுத்துவிடும். கச்சான் காற்றடிக்கும் மாதங்களில் பகல் முழுக்க யன்னலைச் சாத்தி வைத்துக்கொண்டு இருட்டறையில் வாசிப்பேன். அப்போது வெள்ளைப் பக்கம் கண்ணைக் குத்தும். நிறத்தைத் தலைகீழாக்கும் வசதி இருக்கிறது. எனக்குக் கறுப்பில் வெள்ளை எழுத்தும் ஒத்துவரவில்லை. மருமகன் அமைப்புக் கோப்பைத் திறந்து பக்கத்துக்கு மங்கலான மஞ்சள் நிறம் வைத்துத் தந்தான், பழைய தாள்போல. அது எழுத்துக் கோப்பைத் திருத்திச் செய்யும் வேலை. கணினி பழகாதவர் தனியே செய்வது கடினம். பக்கத்தில் ஓர் ஆள் வேண்டும்.

இனி தமிழுக்கு வருகிறேன். இந்த விடயத்தில்தான் நான் அதிகம் தடுமாறினேன். தடுமாறியதன் காரணம் எந்த மென்பொருளிலும் இருக்கவில்லை என்பது தெரிய மாதக்கணக்கானது.

கன்ட்ரோலோடு எஃப் எழுத்தை அழுத்தினால் தேடலாம். நான் "திருகோணமலை" என்று தட்டச்சு செய்து மூன்று கோப்புகளில் தேடினேன். மூன்றிலும் அந்தச் சொல் கண்ணுக்கு முன்னால் பெரிதாக நிற்கிறது. மூன்றிலும் இல்லை என்று பதில் வந்தது. மென்பொருளுக்குத் தமிழ் தெரியாது என்று முடிவுகட்டி மற்ற மென்பொருள்களிலும் பார்த்தேன். அங்கும் அதே பதில்.

முதலாவது கோப்பு பழைய மலர். அது பக்கங்களைப் படம் பிடித்து அடுக்கியது. கோப்புக்குள் எழுத்து என்று ஒன்றுமே இல்லை, படம்தான் இருக்கிறது. படத்துக்குள் எதைத் தேடுவது? அப்படிப்பட்ட பக்கத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்க எழுத்துணரி வேண்டும். கூகிள் டிரைவில் ஏற்றி, கூகிள் டொக்ஸில் திறந்தால் தமிழையும் ஓரளவு நன்றாகவே எடுத்துத் தருகிறது. ஆனால் நூல் முழுவதையும் கொடுக்காமல் வேண்டிய சில பக்கங்களை மட்டும் கொடுக்க வேண்டும். பழுப்பேறிய தாளில் பிழைகள் நிறைய வரும். மூலத்தைப் பக்கத்தில் வைத்துத்தான் திருத்த வேண்டும்.

இரண்டாவது ஒரு சங்கத்தின் செய்திமடல். அச்சுக் கோத்ததுபோல் அழகான தமிழ். ஒரு வரியைப் பிரதி எடுத்து வேறிடத்தில் ஒட்டினால் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாகக் கலந்து கொட்டுகிறது. எங்கள் நாட்டில் நீண்டகாலம் ஆண்ட பாமினி எழுத்துருவின் வேலை இது. அந்த எழுத்துருவில் ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவத்தை வரைந்து வைத்திருப்பார்கள். கணினிக்கு அது ஆங்கில எழுத்து. கண்ணுக்கு மட்டும் தமிழ். எழுத்துருவைக் கோப்புக்குள்ளேயே சேர்த்து வைத்திருந்தால் எந்த வீட்டிலும் தமிழாகத் தெரியும். சேர்க்க மறந்திருந்தால், பாமினி இல்லாத கணினியில் வெறும் ஆங்கிலக் குப்பையாக நிற்கும். இந்த நிலைமையில் வாசிப்பு மென்பொருளை மாற்றிப் பயனில்லை. அனுப்பியவரிடம் எழுத்துருவையும் உள்ளே சேர்த்து மீண்டும் அனுப்பச் சொல்வதே வழி.

மூன்றாவதுதான் என்னை அதிகம் குழப்பியது. எல்லாக் கணினிகளும் தமிழைத் தமிழாகவே அறியும் யூனிகோட் எழுத்தில் அண்மையில் தயாரித்த கோப்பு. அதிலும் "திருகோணமலை" கிடைக்கவில்லை. ஆனால் "திரு" என்று மட்டும் தேடினால் கிடைத்தது. மருமகன் விளக்கியபோது வியந்துபோனேன். பி.டி.எப் கோப்பு சொற்களை எழுதி வைப்பதில்லை. இந்த வடிவத்தை இந்த இடத்தில் வை, அடுத்ததை அதற்கு வலப்பக்கத்தில் வை என்று தாளில் அச்சுக் கோப்பவருக்குச் சொல்வதுபோலத்தான் வைத்திருக்கிறது. "கோ" என்ற எழுத்தில் இரட்டைக்கொம்பு முன்னால், ககரம் நடுவில், அரவு பின்னால். நாம் தட்டச்சு செய்யும்போது ககரத்தோடு ஓகாரக் குறி ஒன்றாகப் போகிறது. கோப்பைத் தயாரித்த மென்பொருள் கவனமாக இருந்தால், எந்த வடிவம் எந்த எழுத்து என்ற அட்டவணையையும் ஒழுங்காக உள்ளே வைக்கும். கவனமில்லாவிட்டால் மூன்று துண்டுகளும் கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே கிடக்கும். தேடும் சொல் அதோடு பொருந்தாது. "லை"யிலும் இதே சிக்கல், இணைக்கொம்பு முன்னால் வருவதால். அதனால் இப்போதெல்லாம் கொம்பில்லாத துண்டாகப் பார்த்துத் தேடுகிறேன். ஊர்ப்பெயர் முழுதாக அகப்படாவிட்டாலும் "திரு" அகப்படும்.

ஆகவே, தமிழ்க் கோப்பு ஒன்று சரியாக வேலை செய்யவில்லையென்றால் உடனே மென்பொருளை மாற்றாதீர்கள். ஒரு வரியைப் பிரதி எடுத்து ஒட்டிப் பாருங்கள். ஒன்றும் வராவிட்டால் படம். ஆங்கிலம் வந்தால் பாமினி வகை. தமிழ் வந்து கொம்புகள் மட்டும் இடம் மாறியிருந்தால் மூன்றாவது வகை. மாதக்கணக்கில் நான் பட்ட பாடு இன்னொருவருக்கு வேண்டாம்.

இந்தக் கோப்பு வகையே ஏன் இப்படி அமைந்தது என்று தேடிப் பார்த்தேன். அடோபி நிறுவனத்தைத் தொடங்கிய இருவரில் ஒருவரான ஜோன் வார்னொக் 1991இல் இதற்கான யோசனையை எழுதினார். எந்தக் கணினியில் திறந்தாலும், எந்த அச்சுப்பொறியில் கொடுத்தாலும், தாள் ஒரேமாதிரி இருக்க வேண்டும் என்பதே நோக்கம். 1993இல் வெளிவந்தது; அதன் விவரக்குறிப்பையும் அடோபி அப்போதே எல்லோருக்கும் வெளியிட்டது. 2008இல் அது திறந்த சர்வதேச நியமமாக அறிவிக்கப்பட்டது. அடோபி மட்டுமல்லாமல் வேறு எவரும் வாசிப்பு மென்பொருள் செய்யலாம் என்பதால்தான் தனியொருவர் தொடங்கிய சுமாத்ராவும் எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறது. ஆரம்பத்தில் அடோபியின் வாசிப்பு மென்பொருளையே காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டியிருந்தது என்பதை அறிந்தபோது, இன்று இலவசமாகக் கிடைப்பதன் அருமை தெரிந்தது.

சுமாத்ராவால் முடியாதவையும் இருக்கின்றன. படிவம் நிரப்ப அது உதவாது. கடந்த ஆண்டு ஓர் அலுவலகத்துக்குக் கொடுக்க வேண்டிய படிவம் பி.டி.எப்பாக வந்தது, பெட்டிகளுக்குள் தட்டச்சு செய்து அனுப்பச் சொன்னார்கள். அதை ஃபயர்ஃபொக்ஸ் உலாவியில் திறந்து நிரப்பினேன். நிரப்பிய பிறகு சேமித்து, சேமித்த பிரதியைத் திரும்பத் திறந்து எழுத்து நிற்கிறதா என்று பார்த்துவிட்டு அனுப்புங்கள். முதல்முறை நான் அப்படிப் பார்க்காமல் வெறும் படிவத்தையே அனுப்பி, ஒரு மாதம் தாமதமானது. பக்கங்களை வெட்டுவது, ஒட்டுவது, டிஜிட்டல் கையொப்பம் இடுவது போன்றவற்றுக்கும் வேறு மென்பொருள் வேண்டும். கடவுச்சொல் போட்டுப் பூட்டிய வங்கிக் கூற்றுகளை மட்டும் சுமாத்ராவிலேயே திறக்கிறேன். சொல்லைக் கேட்கும், கொடுத்தால் திறக்கும்.

விண்டோஸோடு வரும் எட்ஜ் உலாவியிலேயே பி.டி.எப் திறக்கலாமே என்று சிலர் கேட்கிறார்கள். திறக்கலாம். மின்கட்டணப் பட்டியல், பஸ் நேர அட்டவணை போன்ற ஒருதரம் பார்த்துவிட்டு மூடும் தாள்களுக்கு அது போதும். இருநூறு பக்க நூலை உலாவியில் வாசிக்க என்னால் முடியவில்லை. நூலுக்குப் பக்கத்துத் தாவலில் செய்தியும், அதற்குப் பக்கத்தில் மின்னஞ்சலும் நிற்கும்போது மனம் நூலில் நிற்பதில்லை. விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் பாவிப்பவர்களுக்கு சுமாத்ரா இல்லை. மருமகன் தன் கணினியில் ஒக்யூலர் என்ற வாசிப்பு மென்பொருளை வைத்திருக்கிறான், குறிப்பெழுத அது நல்லது என்கிறான்.

பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இருவர் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிறார்கள். கடந்தகால வினாத்தாள்களை என் கணினியில் திறந்து, வேண்டிய பக்கங்களின் எண்ணை மட்டும் கொடுத்து அச்செடுப்போம். என் அச்சுப்பொறியில் மை இல்லாத நாள்களில் கோப்பைப் பென்டிரைவில் போட்டு, மணிக்கூட்டுக் கோபுரத்துக்குக் கிட்ட உள்ள போட்டோகொப்பிக் கடைக்கு அனுப்புவேன். ஒருநாள் அந்தப் பென்டிரைவ் திரும்பி வந்தபோது அதில் வினாத்தாள் என்ற பெயரில் புதிதாக ஒரு கோப்பு இருந்தது. பி.டி.எப் படம் போட்டிருந்தது. விண்டோஸ் கோப்புப் பெயரின் கடைசிப் பகுதியை வழமையாக மறைத்தே காட்டும். அதைக் காட்டும்படி நான் முன்பே மாற்றி வைத்திருந்ததால் அது பி.டி.எப் இல்லை, சொடுக்கினால் கணினியில் தானே இயங்கத் தொடங்கும் ஈ.எக்ஸ்.ஈ. வகை என்று தெரிந்தது. உடனே அழித்தேன். உங்கள் கணினியிலும் அந்த மறைப்பை எடுத்துவிடுங்கள். பிள்ளைகள் பாவிக்கும் கணினியென்றால் கட்டாயம் எடுத்துவிடுங்கள்.

புதிய மென்பொருளை நிறுவினாலும் கோப்பைச் சொடுக்கும்போது பழையதே திறக்கிறது என்று ஒரு சிநேகிதி முறையிட்டார். கோப்பின்மேல் வலது சொடுக்குச் செய்து, எதைக் கொண்டு திறப்பது என்று கேட்கும் இடத்தில் சுமாத்ராவைத் தெரிந்து, எப்போதும் இதையே பாவி என்று குறித்துவிட்டால் சரியாகிவிடும். ஒருதரம் செய்தால் போதும்.

இந்தக் கிழமை நான் வாசிப்பது அப்பாவின் இதழ்க்கட்டுகளில் இருந்த ஓர் இதழ். அட்டையின் மூலையில் அவர் எப்போதும் தன் முதலெழுத்தைப் பேனையால் எழுதி வைப்பார்; மின்பிரதியில் வேறு யாரோ ஒருவரின் கையெழுத்து இருக்கிறது. அவரும் என் அப்பாவைப் போலவே கவனமாகப் பாதுகாத்தவராகத்தான் இருக்க வேண்டும். நான் இப்போது 38ஆம் பக்கத்தில் நிற்கிறேன்.

என்னோடு வேலை செய்த டீச்சர் ஒருவர் ஞாயிற்றுக்கிழமை கிண்ணியாவிலிருந்து வருகிறார். அவருடைய கணினி என்னுடையதைவிடப் பழையது. சுமாத்ராவின் நிறுவத் தேவையில்லாத பிரதியையும் அவர் கேட்ட நான்கு இதழ்களையும் பென்டிரைவில் போட்டு, மேசையின் ஓரத்தில் வைத்திருக்கிறேன்.